கழுத்துத் தமனியில் 70 விழுக்காட்டுக்கு மேல் அடைப்பு: அறுவைச் சிகிச்சை உடனே தேவையா?

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையாருக்கு வயது 68. நீடாமங்கலத்தை அடுத்த எங்கள் கிராமத்தில் இன்றும் தாமே வயலுக்குப் போய்த் தண்ணீர் கட்டிவிட்டு வருகிறவர். சர்க்கரை நோயும் இரத்தக்கொதிப்பும் நெடுநாளாக உண்டு. இரண்டுக்குமான மாத்திரைகளை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தருகிறார்கள். பீடி, சிகரெட் பழக்கம் கிடையாது. வெற்றிலை சீவலோடு புகையிலை போடும் வழக்கம் மட்டும் இளவயதிலிருந்தே இருக்கிறது.

இடது கண்ணில் கண்புரை முற்றியிருப்பதால் அறுவை செய்துகொள்ளலாம் என்று போனோம். அதற்கு முந்தைய பொதுப் பரிசோதனையில், கழுத்தில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்ட மருத்துவர் ஏதோ இரைச்சல் கேட்கிறது என்று சொல்லி இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். இடப்புறக் கழுத்துத் தமனியில் கொழுப்புப் படிவால் 70 விழுக்காட்டுக்கு மேல் அடைப்பு என்றும், வலப்புறத்தில் 50 விழுக்காட்டுக்குக் குறைவு என்றும் அறிக்கை வந்திருக்கிறது. கை கால் வீச்சில் குறை எதுவும் இல்லை. பேச்சும் நடையும் எப்போதும் போலவே இருக்கின்றன.

வீட்டில் ஆளுக்கொரு கருத்து நிலவுகிறது. சென்னையிலிருக்கும் என் அண்ணன், இந்த அளவு அடைப்பு என்றால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் ஸ்டென்ட் (குழாயை விரித்துத் தாங்கும் வலைக்குழல்) வைத்துவிட வேண்டும் என்கிறார். பெரியப்பாவோ, பூண்டு, இஞ்சி, எலுமிச்சைச் சாறுகளை ஆப்பிள் சிடர் வினிகரோடு காய்ச்சித் தேன் கலந்து மூன்று மாதம் குடித்தால் அடைப்பு கரைந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைக் காட்டுகிறார். தந்தையாரோ முதலில் கண்ணைப் பார்த்துக்கொள்வோம், கழுத்து எங்கே ஓடிவிடப் போகிறது என்கிறார். மருந்தாலேயே இது சரியாகுமா, அறுவை என்றால் எது நல்லது, கண்புரை அறுவையை எப்போது வைத்துக்கொள்வது என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். இதே பரிசோதனையை வீட்டில் எல்லோரும் செய்துகொள்ள வேண்டுமா என்றும் என் மனைவி கேட்கிறார்.

பொது மருத்துவர் (தஞ்சாவூர்) பதில்:

தங்கள் தந்தையாரை நான் நேரில் பார்க்கவில்லை என்பதால், இதைச் சிகிச்சைப் பரிந்துரையாக எடுத்துக்கொள்ளாமல், தங்கள் மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதற்கான விளக்கமாகக் கொள்ளுங்கள்.

எல்லோரும் விழுக்காட்டையே பார்க்கிறார்கள். அதற்கு முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்த அடைப்பு இதுவரை ஏதேனும் அறிகுறி காட்டியிருக்கிறதா? இந்தத் தமனிதான் மூளையின் அதே பக்கத்துக்கும் அதே பக்கக் கண்ணுக்கும் இரத்தம் கொண்டு செல்கிறது. ஆகவே இடப்புறப் படிவிலிருந்து ஒரு துணுக்கு கிளம்பினால், வலக்கை அல்லது வலக்கால் மரத்துப்போகலாம், பேச்சு குழறலாம், இடது கண்ணில் மட்டும் பார்வை சில நிமிடம் மறைந்து பிறகு திரும்பலாம். கை கால், பேச்சு பற்றி எழுதியிருக்கிறீர்கள். கண்ணைப் பற்றி எழுதவில்லை. கண்புரை மெல்ல மெல்ல மங்கலாக்குமே தவிர, திரை இறங்கியதுபோல் மறைத்துவிட்டு மறுபடி விலகாது. கடந்த ஆறு மாதத்துக்குள் அப்படி ஏதேனும் நடந்ததா என்று அவரிடம் நிதானமாக உட்கார்ந்து கேளுங்கள். 'ஒன்றுமில்லை' என்று முதலில் சொல்லத்தான் செய்வார். நம் பக்கத்து விவசாயிகள் தலைசுற்றலையே வெயில் என்று சொல்லிக் கடந்துவிடுகிறவர்கள்.

இந்தக் கேள்வி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குப் பழைய ஆய்வுகளே சான்று. 1991இல் வட அமெரிக்காவில் வெளியான ஆய்வில், அறிகுறி காட்டிய, 70 விழுக்காட்டுக்கு மேற்பட்ட அடைப்புள்ளவர்களில், மருந்து மட்டும் பெற்றவர்களுக்கு இரண்டாண்டுகளில் அதே பக்கத்தில் பக்கவாதம் வந்தது 26 விழுக்காடு. படிவை அகற்றும் அறுவை செய்துகொண்டவர்களுக்கு 9 விழுக்காடு. அறிகுறியே இல்லாதவர்களிடம் இந்த இடைவெளி மிகவும் சுருங்கிவிடுகிறது. 2004இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் ஐந்தாண்டு பக்கவாத அபாயம் அறுவை செய்யாதவர்களுக்கு ஏறத்தாழ 12 விழுக்காடு, செய்தவர்களுக்கு 6 விழுக்காட்டுக்குச் சற்று மேல் என்றிருந்தது. அந்தக் காலத்தில் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகள் இன்றுபோல் பரவலாகத் தரப்படவில்லை என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். 2025இன் இறுதியில் வந்த கிரெஸ்ட்-2 ஆய்வு, தீவிர மருந்துச் சிகிச்சையை இரு பிரிவினருக்கும் கொடுத்து, ஒரு பிரிவுக்கு மட்டும் கூடுதலாக ஸ்டென்ட் அல்லது அறுவை செய்து பார்த்தது. நான்காண்டு முடிவில் ஸ்டென்ட் வைத்தவர்களிடம் பாதிப்பு 2.8 விழுக்காடு, மருந்து மட்டும் பெற்றவர்களிடம் 6.0 விழுக்காடு. அறுவைப் பகுதியில் அதே ஒப்பீடு 3.7க்கு 5.3 என்று வந்தது. அறுவைப் பகுதியில் வந்த இந்த வேறுபாடு தற்செயலாகவும் இருந்திருக்கலாம் என்பதால் அதை உறுதியான முடிவாகக் கொள்ளவில்லை. அறிகுறி இல்லாதவருக்கு ஸ்டென்ட் தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் தங்கள் அண்ணன் சொல்லும் 'ஒரு நாள்கூட' என்ற அவசரம் அறிகுறி இல்லாதவருக்குக் கிடையாது; மருந்தை முழு அளவில் தொடங்கிவிட்டு, கைதேர்ந்த இடமாகப் பார்த்து, யோசித்து முடிவெடுக்க அவகாசம் இருக்கிறது.

அடுத்து, அந்த 70 விழுக்காடு என்பது எதை அளந்த எண் என்று பாருங்கள். குழாயின் விட்டத்தில் 50 விழுக்காடு குறைந்தாலே பரப்பளவில் 75 விழுக்காடு குறைந்துவிடும். சில அறிக்கைகளில் பரப்பளவைப் போட்டுவிடுகிறார்கள். வீட்டில் அதைப் படித்துவிட்டு அழுகிறார்கள். இரத்தம் பாயும் உச்ச வேகம் அறிக்கையில் இருக்கும். நொடிக்கு 125 செ.மீ. தாண்டினால் விட்டத்தில் 50 விழுக்காட்டுக்கு மேல் என்றும், 230 தாண்டினால் 70க்கு மேல் என்றும் பொதுவாகக் கணிக்கிறோம். அந்த எண்ணை இங்கே எழுதுங்கள். செயல்முறைச் சிகிச்சை என்ற பேச்சு வந்தால் சி.டி. ஆஞ்சியோகிராம் எடுத்து உறுதிசெய்துகொள்வார்கள். சர்க்கரை நோயாளி என்பதால் அதற்கு முன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பார்ப்பது அவசியம்.

மருந்து படிவைக் கரைக்குமா என்றால், கழுவித் துடைத்ததுபோல் கரைக்காது. ஸ்டாட்டின் செய்யும் வேலை வேறு: படிவின் உள்ளே இருக்கும் கொழுப்பைக் குறைத்து, மேலே மூடியிருக்கும் சவ்வை உறுதியாக்கி, அது வெடித்துத் துணுக்குகள் மூளைக்குப் போகாமல் காக்கிறது. பக்கவாதம் வருவது பெரும்பாலும் அந்த வெடிப்பால்தான் என்பதால், ஸ்கேனில் விழுக்காடு குறையவில்லையே என்று மருந்தை நிறுத்தக் கூடாது. எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்பை 70 மி.கி.க்குக் கீழே கொண்டுவருவது, இரத்த அழுத்தத்தை 130/80க்குக் கீழே வைப்பது, ஆஸ்பிரின் போன்ற ஒரு மருந்தால் இரத்தத் தட்டணுக்கள் ஒட்டாமல் பார்த்துக்கொள்வது, புகையிலையை அறவே விடுவது ஆகியவை அறுவை செய்தாலும் செய்யாவிட்டாலும் வாழ்நாள் முழுதும் தொடர வேண்டியவை. கழுத்தில் படிவு இருப்பவருக்கு இதயக் குழாயிலும் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு இ.சி.ஜி., எக்கோ பார்த்துவிடுங்கள்.

வீட்டில் எல்லோருக்கும் டாப்ளர் தேவையில்லை. அறிகுறியற்ற பொதுமக்களுக்கு இந்தப் பரிசோதனையை வழக்கமாகச் செய்வதை அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழுவே பரிந்துரைக்கவில்லை. அந்தச் செலவில் எல்லோருக்கும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கொழுப்பும் பார்த்துவிடலாம்.

குடந்தைவாசி பதில்:

தம்பி, என் கணவருக்கு இந்த அறுவை நடந்து நன்றாக இருக்கிறார் என்பதால் எழுதுகிறேன். அவருக்கு ஒரு மாலை வேளையில் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே பேச்சு குழறி, பத்து நிமிடத்துக்குள் சரியாகிவிட்டது. பித்தமாக இருக்கும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மகள் கேட்காமல் அன்று இரவே மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். இடப்புறத்தில் எண்பது விழுக்காடு.

ஸ்டென்ட் வைத்தால் கழுத்தைக் கிழிக்க வேண்டாமே என்று நாங்கள் கேட்டோம். அவருக்கு எழுபது கடந்துவிட்டது, மகாதமனியின் வளைவில் சுண்ணாம்பு நிறையப் படிந்திருக்கிறது, அந்த வழியாகக் கம்பியைச் செலுத்தும்போதே துணுக்கு உதிர்ந்து பக்கவாதம் வரக்கூடும், ஆகவே திறந்து அகற்றுவதே மேல் என்று மருத்துவர் விளக்கினார். 2010இல் வந்த ஒரு பெரிய ஆய்வில் ஸ்டென்ட்டில் பக்கவாதமும் திறந்த அறுவையில் மாரடைப்பும் சற்றுக் கூடுதலாக இருந்ததாகவும், வயது ஏற ஏற அறுவையின் பக்கம் தராசு சாய்வதாகவும் சொன்னார். இதயம் பலவீனமானவருக்கும், கழுத்தில் முன்பே கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவருக்கும் ஸ்டென்ட்டையே முதலில் யோசிப்பார்களாம். தங்கள் தந்தையாருக்கு எழுபதுக்குள் என்பதால் இரண்டையும் கேட்டுப் பாருங்கள்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத சில சங்கடங்கள் உண்டு. தாடைக்குக் கீழேயும் காது மடலிலும் உணர்ச்சி குறைந்து, சவரம் செய்யும்போது வெட்டுக்காயம் பட்டதே தெரியாமல் இருந்தது. குரல் சில வாரம் கம்மியிருந்தது. அறுவையன்றும் மறுநாளும் இரத்த அழுத்தம் ஏறி இறங்கியதால் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் கடும் தலைவலி வந்தால் உடனே வரச் சொல்லியிருந்தார்கள்.

மருத்துவமனையின் கட்டடத்தைப் பார்த்துப் போகாதீர்கள். இந்த அறுவையை அவர்கள் வாடிக்கையாகச் செய்கிறார்களா, செய்தவர்களில் எத்தனை பேருக்குப் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது என்று தயங்காமல் கேளுங்கள். அறிகுறி உள்ளவர்களிடம் 6 விழுக்காட்டுக்கும், இல்லாதவர்களிடம் 3 விழுக்காட்டுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது மருத்துவ உலகம் வைத்திருக்கும் அளவுகோல். நாங்கள் கேட்டபோது எங்கள் மருத்துவர் கோபித்துக்கொள்ளவில்லை; கோபித்திருந்தால் வேறு இடம் பார்த்திருப்போம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் இந்தச் சிகிச்சை அதில் சேருமா என்று அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் சேர்க்கைக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

மருந்தாளுநர் (திருவாரூர்) பதில்:

மருத்துவர் ஐயா சொன்னதற்கு மேல் சிகிச்சை பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. மருந்துக்கடை மேசைக்கு இப்புறமிருந்து தினமும் பார்ப்பதை எழுதுகிறேன்.

முதலாவது, வீட்டுக்கு வந்து தரும் மாத்திரைகளில் சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் உள்ளவை இருக்கின்றன என்கிறீர்கள். ஸ்டாட்டினும் ஆஸ்பிரினும் இருக்கின்றனவா என்று அட்டைகளைத் திருப்பிப் பெயரைப் பாருங்கள். இல்லையென்றால் நீங்களாக வாங்கித் தராமல் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் டாப்ளர் அறிக்கையைக் காட்டி எழுதி வாங்குங்கள். ஸ்டாட்டினை நிறுத்துபவர்கள் இரண்டு காரணம் சொல்வார்கள்: கொழுப்பு சரியாகிவிட்டது என்பார்கள், அல்லது சர்க்கரை ஏறும் என்று படித்தேன் என்பார்கள். சரியானது மாத்திரையால்தான், சர்க்கரை சிறிதளவு ஏறலாம் என்பது உண்மைதான், ஆனால் பக்கவாதத்தைத் தடுப்பதில் கிடைக்கும் நன்மைக்கு முன் அது சிறியது. தசைவலி வந்தால் மருத்துவரிடம் சொல்லி அளவையோ மருந்தையோ மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாவது, நடவும் களையெடுப்பும் முடிந்த நாள்களில் முதுகுவலிக்கும் முழங்கால் வலிக்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளை மிட்டாய்போல் வாங்கிச் செல்கிறார்கள். அவை கொதிப்பை ஏற்றும், ஆஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றில் இரத்தக்கசிவை உண்டாக்கும். போதாதற்கு ஐபுப்ரோஃபென் ஆஸ்பிரினின் வேலையையே கெடுக்கும். ஆஸ்பிரினைப்போல் தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்கும் குளோபிடோக்ரல் எழுதிக் கொடுத்தால், வயிற்றெரிச்சலுக்கு ஒமெப்ரசோல் தாமாக வாங்கிப் போடுவதையும் தவிர்க்க வேண்டும். அது குளோபிடோக்ரல் உடலில் செயல்படும் வடிவத்துக்கு மாறுவதைக் குறைக்கிறது. பல் பிடுங்குவதற்கோ வேறு எதற்கோ ஆஸ்பிரினை நிறுத்துவதாக இருந்தாலும் மருந்து எழுதிய மருத்துவரே சொல்ல வேண்டும்.

பெரியப்பாவின் கஷாயத்தைப் பற்றி: பூண்டும் இஞ்சியும் சமையலில் நல்லவையே. ஆனால் அந்தக் கலவை கழுத்துத் தமனி அடைப்பைத் திறந்ததாக நிரூபணம் எதுவும் இல்லை. சர்க்கரை நோயாளி தினமும் தேன் குடிப்பது தனிக் கேடு. குடிப்பதைவிட, குடித்துக்கொண்டே மாத்திரையை விட்டுவிடுவதுதான் எனக்குப் பயம். கீலேஷன் என்று நரம்பில் மருந்து ஏற்றி அடைப்பைக் கரைப்பதாக விளம்பரம் செய்பவர்களிடமும் போகாதீர்கள். மாரடைப்பு வந்த சர்க்கரை நோயாளிகளிடம் அதைச் சோதித்த பெரிய ஆய்வு 2024இல் வெளியானது. பலன் இல்லை என்பதே முடிவு.

புகையிலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 'ஊதவில்லை, மெல்லத்தானே செய்கிறேன்' என்பது நம் பக்கத்தில் எல்லோரும் சொல்வது. மென்றாலும் நிக்கோடின் இரத்தத்தில் ஏறி, குழாயை இறுக்கி, கொதிப்பைக் கூட்டத்தான் செய்யும். வெற்றிலையை வேண்டுமானால் பிறகு பேசிக்கொள்ளலாம், புகையிலையை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். முடிதிருத்தும் கடையில் தலையைத் திருப்பிக் கழுத்தில் சொடக்கு எடுப்பதும் வேண்டாம். அந்தத் திருகலில் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களிலேயே பதிவாகியுள்ளன.

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்) எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மருத்துவர் ஐயா கேட்டபடி தந்தையாரிடம் பேசினேன். முதலில் ஒன்றுமில்லை என்றார். அம்மா பக்கத்திலிருந்து, 'அன்றைக்கு வரப்பில் உட்கார்ந்துவிட்டு வந்தீர்களே' என்று நினைவூட்டிய பிறகு சொன்னார்: பத்துப் பதினைந்து நாள்களுக்கு முன் வயலில் நிற்கும்போது இடது கண்ணில் மேலிருந்து கீழாகக் கறுப்புத் துணி இறங்கியதுபோல் மறைந்ததாம், சில நிமிடத்தில் தெளிந்ததால் புரை முற்றிவிட்டது என்று நினைத்துத்தான் கண் அறுவைக்கே சம்மதித்திருக்கிறார். அறிக்கையில் இடப்புற உச்ச வேகம் நொடிக்கு 256 செ.மீ. என்று இருக்கிறது.

பொது மருத்துவர் (தஞ்சாவூர்) பதில்:

அப்படியானால் நான் மேலே அறிகுறி இல்லாதவர்களுக்காக எழுதிய அவகாசம் தங்கள் தந்தையாருக்குப் பொருந்தாது. மறைந்த கண்ணும் அடைத்த தமனியும் ஒரே பக்கம். அடைப்பு 70க்கு மேல் என்பதை வேகமும் உறுதிப்படுத்துகிறது. இது அறிகுறி காட்டிய அடைப்பு. இப்போதே டாப்ளர் அறிக்கை, மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ திருச்சியில் நரம்பியல் பிரிவுள்ள மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்லுங்கள். அவசரப் பிரிவில் 'கண்புரைக்கு வந்தோம்' என்று தொடங்காமல், 'இடது கண்ணில் பார்வை சில நிமிடம் மறைந்தது, இடது கழுத்துத் தமனியில் எழுபதுக்கு மேல் அடைப்பு' என்று சொல்லுங்கள். இந்த ஒரு வரி போதும், அவர்கள் புரிந்துகொள்வார்கள்.

நாள் கடந்துவிட்டதால் இனி அவசரமில்லை என்றும் நினைக்க வேண்டாம். அறிகுறி தோன்றி இரண்டு வாரத்துக்குள் அறுவை செய்தால் ஐந்து பேருக்குச் செய்து ஒரு பக்கவாதத்தைத் தடுக்க முடிந்ததென்றும், பன்னிரண்டு வாரம் கடந்து செய்தால் ஒன்றைத் தடுக்க 125 பேருக்குச் செய்ய வேண்டியிருந்ததென்றும், பழைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2004இல் கணக்கிட்டார்கள். ஒவ்வொரு நாளும் பலன் தேய்கிறது. தங்கள் அண்ணனின் அவசரம் இப்போது சரிதான். ஆனால் ஸ்டென்ட்டா அறுவையா என்பதை ஆஞ்சியோகிராம் பார்த்த பிறகு இரத்தக்குழாய் அறுவை நிபுணர் சொல்லட்டும். இங்கே இடம் கிடைக்காவிட்டால், சென்னை இராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கெனத் தனித் துறை உண்டு. பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்குங்கள்.

புறப்படும் முன்போ வழியிலோ முகம் கோணினாலும், கை துவண்டாலும், பேச்சு குழறினாலும் காரில் தொடராமல் 108ஐ அழையுங்கள். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆஸ்பிரினோ வேறு மாத்திரையோ தாங்களாகக் கூட்டிக் கொடுக்காதீர்கள். கொதிப்பு மாத்திரையை வழக்கம்போல் கொடுங்கள்.

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்) எழுதியது:

தஞ்சாவூரில் சேர்த்துவிட்டோம். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் மூளையின் இடப்பக்கத்தில் அண்மையில் ஏற்பட்ட இரண்டு சிறு புள்ளிகள் தெரிகின்றனவாம். ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரலும் அதிக அளவு ஸ்டாட்டினும் தொடங்கியிருக்கிறார்கள். கிரியாட்டினின் பார்த்துவிட்டுச் சி.டி. ஆஞ்சியோகிராமும் எடுத்தாயிற்று, திறந்து அகற்றும் அறுவையையே செய்யலாம் என்று இரத்தக்குழாய் நிபுணர் சொல்லியிருக்கிறார், இந்த வாரத்துக்குள் நாள் குறிப்பார்கள். கண்புரையை அதன் பிறகு, இரத்தத் தட்டணு மருந்துகள் ஒரு நிலைக்கு வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். குடந்தை அம்மா சொன்ன கேள்வியைக் கேட்டேன். எண்ணைச் சொல்லித்தான் பதில் தந்தார்கள்.